மடித்த தாளின் கீழ்ப்பாதி

அக்காவின் எட்டாவது தும்மலில் சாமியுவெலா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். ஒன்பதாவது வருமா என்று காத்திருந்தார். வந்தது. அதன் பின்னாலேயே இருமலும் வந்தது. அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து வந்த அந்தச் சத்தம் கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்கு வந்து, சன்னல் வழியாகத் தெருவுக்கும் போயிருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

தீவின் தலைநகரான நுக்குஅலோஃபாவின் துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்கு இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் அவர். எண்ணாமல் இருக்க முடியாது. திங்கட்கிழமை ஆறு. செவ்வாய் ஏழு. இன்று புதன், ஒன்பது.

அக்கா அகனேசி அவருக்கு நான்கு வயது மூத்தவர். இருபது வருடமாக ஆக்லாந்தில் மகனோடு இருக்கிறார். தம்பி மகள் லெசியேலியின் கல்யாணத்துக்காக இரண்டு வாரம் முன்னதாகவே வந்து இறங்கியிருந்தார். கல்யாணத்தில் எல்லோருக்கும் மேலான இடத்தில் உட்கார வேண்டியவர் பெண்ணின் அத்தைதான். அவர் கை நீட்டிக் கேட்டால் தம்பி வீட்டில் எதையும் இல்லை என்று சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்தில் யாரும் சொன்னதும் இல்லை. அப்படிப்பட்டவர் தம்பியின் கூரைக்குக் கீழே ஒரு இரவுகூடக் கண்ணயர முடியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அகனேசி சமையலறைக்குள் வந்ததும் சாமியுவெலா எழுந்து நின்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். அக்காவின் கண்கள் சிவந்து, மூக்கு நுனி உரிந்திருந்தது. அவர் தம்பியைப் பார்க்காமல் தம்பி மனைவி வீகாவிடம் பேசினார்.

"வீகா, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கக் கூடாது. நேத்து கெலெபி வீட்டுக்கு டீ குடிக்கப் போனேன் இல்ல? அவங்க பெஞ்சுல சும்மா சாஞ்சேன். ரெண்டு மணி நேரம் தூங்கிட்டேன். ஒரு தும்மல் கிடையாது."

"அண்ணி..."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். சரியாகலைன்னா திங்கட்கிழமையிலேருந்து ராத்திரிப் படுக்கைக்கு மட்டும் அங்க போயிடறேன். பகல் பூரா இங்கதானே இருக்கப் போறேன்?"

கெலெபி வேறு யாருமில்லை, மாப்பிள்ளையின் அப்பா. மூன்று வீடு தள்ளி டைல்ஸ் போட்டுப் புது வீடு கட்டியிருந்தார். திரைச்சீலைகூடக் கிடையாது, எல்லாம் மொட்டைக் கண்ணாடி. பெண்ணின் அத்தை, கல்யாணத்துக்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டில் போய்ப் படுப்பது! சொந்த அக்காவைப் படுக்க வைக்க இடமில்லாதவன் என்று ஊர் சொல்லும். அந்த வீட்டில் தன் மகள் வாழப் போகும் காலமெல்லாம் அதைச் சொல்லும். சாமியுவெலாவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

அகனேசி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வீகாவிடம் கொடுத்தார். "ஆக்லாந்து டாக்டர் கொடுத்தது. உன் வீட்டுக்காரர் படிச்சுப் பாக்கட்டும்."

சாமியுவெலா தாளோடு முற்றத்துக்குப் போய், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தூசியில் வாழ்கிறதாம். ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள ஊர்களில் பெருகுகிறதாம். தும்மலும் இருமலும் அதன் எச்சத்தால் வருவதாம்.

"பூச்சியா?" என்றார் மனைவியிடம். "நம்ம வீட்டுலயா?"

"கண்ணுக்குத் தெரியாதுன்னுதானே போட்டிருக்கு? தெரிஞ்சா நான் விட்டு வச்சிருப்பேனா?" என்றாள் வீகா. அவளுக்கும் முகம் சுண்டிப் போயிருந்தது.

மேற்கொண்டு படித்தார். காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது, தூசி கிளம்பும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும். திரைச்சீலையையும் மெத்தை இருக்கைகளின் உறைகளையும் நன்றாகச் சூடான நீரில் துவைக்க வேண்டும். சுவரில் பூஞ்சை இருந்தால் தேய்த்து எடுக்க வேண்டும். நாயை வீட்டுக்குள் விடக் கூடாது. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. தாளின் பாதியில் கொட்டை எழுத்தில் 'படுக்கையறை' என்று இருந்தது. அங்கே நிறுத்திவிட்டார்.

பத்து வயதிலேயே அக்கா தூங்கும் வீட்டை விட்டுத் தனிக் குடிசைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டவர் அவர். அன்றிலிருந்து அக்காவின் அறை வாசலைத் தாண்டியதில்லை. அக்காவின் படுக்கையைப் பற்றியோ உடுப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசியதில்லை, அவர் காதுபட யாரும் பேசவும் விட்டதில்லை. நல்ல குடும்பத்தில் பிறந்த எந்தத் தம்பியும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அந்தக் கொட்டை எழுத்துக்குச் சரியாக மேலே தாளை மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானமே வேலை தொடங்கியது. கப்பல் வந்து நிற்கும் நாளில் ஆட்களை விரட்டுவதுபோல் மனைவியையும் மகளையும் விரட்டினார்; தானும் மரியாதைக்கு இடுப்பில் சுற்றிக் கட்டும் பாயைக் கழற்றி வைத்துவிட்டுக் கையில் ஈரத் துணியை எடுத்தார். தென்னை ஈர்க்கு விளக்குமாறு முற்றத்தோடு நிறுத்தப்பட்டது. அலமாரிக்குப் பின்னால் கறுத்திருந்த சுவரை வினிகர் ஊற்றித் தேய்த்தார். அப்பா படத்தைச் சுற்றியிருந்த துணிப் பூமாலையை அவிழ்த்து உதறினார். பன்னிரண்டு வருடத் தூசி ஒரே மூச்சில் அவர் மேலேயே இறங்கியது.

"அப்பா, தாத்தா உங்களைப் பாத்துச் சிரிக்கிறாரு," என்றாள் லெசியேலி.

"அவரு சிரிக்க மாட்டாரு. வேலையைப் பாரு."

சுடுதண்ணீருக்கு வீட்டில் இருந்த பெரிய பாத்திரம் ஒன்றே ஒன்றுதான்: விருந்துக்கு மாட்டிறைச்சி வேக வைக்கும் அண்டா. அதை முற்றத்தில் ஏற்றி, தேங்காய் மட்டை போட்டுத் தீ மூட்டி, கூடத்துத் திரைச்சீலைகளை அதில் அமுக்கினார்கள்.

"அடுத்த வாரம் இதுல மாடு வேகணும்பா," என்றாள் லெசியேலி, கம்பால் கிண்டிக்கொண்டே. "வர்றவங்க திரைச்சீலை வாசனை அடிக்குதுன்னு சொல்லப் போறாங்க."

"இப்ப திரைச்சீலையில மாட்டு வாசனை அடிக்குமே, அதுக்கு என்ன சொல்லப் போற?" என்றாள் வீகா.

நாய் மூன்று நாளாக வாசலில் படுத்து உள்ளே இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்பதுபோல. வீடு பளபளத்தது. நாற்காலிக் காலின் அடிப்பக்கத்தைக்கூடச் சாமியுவெலா விடவில்லை. அக்காவின் அறை வாசல் வரை போய் அங்கே நின்று திரும்பினார். அந்த அறையை வீகா தினமும் பெருக்கி, விரிப்பை உதறி, சுத்தமாகத்தான் வைத்திருந்தாள்.

வியாழன் காலை ஒன்பது. வெள்ளி பதினொன்று.

பதினோராவது தும்மலைக் கேட்டபடி சாமியுவெலா வேலியோரம் நின்றிருந்தபோது கெலெபி ரொட்டியோடு அந்த வழியாக வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் நாக்கு நீளம்.

"என்ன சம்பந்தி, வீட்டையே தோய்ச்சுக் காயப் போட்டுட்டீங்க போல?"

"கல்யாண வீடுன்னா அப்படித்தான்."

"அதுவும் சரிதான். அக்காவுக்கு ஒரு அறை ஒழிச்சு வச்சிருக்கேன். ஒரு கட்டில், ஒரு மெத்தை, அவ்வளவுதான். டைல்ஸ் தரை, ஈரத் துணியில ஒரு இழுப்பு இழுத்தா முடிஞ்சது. அவங்க எப்ப வேணா வரட்டும், நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

"நான் எதுக்கு நினைக்கணும்?" என்றார் சாமியுவெலா. கெலெபி கண்ணுக்கு மறையும் வரை அசையாமல் நின்றார். பிறகு உள்ளே போய், வியர்த்த சட்டையைக் கழற்றிக் கூடையில் எறிந்தார்.

அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்த லெசியேலிதான் பையில் இருந்த தாளைப் பார்த்தாள். மடிப்பைப் பிரித்தாள். நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் தாளும் கையுமாகப் பின்வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அப்பா, இந்தக் கீழ்ப்பாதியை யாரு படிச்சீங்க?"

"யாரும் படிக்கல. அது உங்க அத்தை அறையைப் பத்தினது."

"அதுலதாம்பா எல்லாமே இருக்கு!"

"எனக்குச் சொல்லாதே." சாமியுவெலா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லெசியேலி ஒரு நொடி யோசித்தாள். அப்பாவின் பிள்ளை அவள். அவரை எந்தப் பக்கமாகச் சுற்றி வர வேண்டும் என்று தெரியும். "உங்களுக்கு யாரு சொன்னா? அம்மாவுக்குப் படிக்கறேன். நீங்க பாட்டுக்கு அங்கேயே நின்னு ஈரப்பலா மரத்தைப் பாத்துட்டு இருங்க. அம்மா! இங்க வா!"

வீகா வந்தாள். லெசியேலி வேண்டுமென்றே உரக்கப் படித்தாள். இந்தப் பூச்சி மிக அதிகமாக வாழும் இடம் படுக்கை. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைக்க வேண்டும். மெத்தையை வெயிலில் போட வேண்டும். மெத்தைக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் துணி, பாய், எதையும் அடுக்கி வைக்கவே கூடாது.

சாமியுவெலா ஈரப்பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீகா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்தக் குடும்பத்தின் சொத்து முழுவதும் அந்த மெத்தைக்கு அடியில்தான் இருந்தது. சாமியுவெலாவின் அம்மா பின்னிய பாய்கள், வீகா பின்னியவை, சாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து சேர்ந்தவை, இரண்டு பெரிய மரப்பட்டைத் துணிகள், எல்லாம் கட்டில் பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே தட்டையாக அடுக்கப்பட்டிருந்தன. எந்த நல்ல வீட்டிலும் அங்கேதான் இருக்கும். வீட்டின் மேலான படுக்கை எதுவோ அதற்கு அடியில்தான் மேலான பாய்கள் இருக்கும். மேலான படுக்கை அகனேசியுடையது.

"ஒவ்வொரு தடவை அண்ணி வர்றப்பவும் புதுசா ஒண்ணு சேத்து வச்சேனே," என்றாள் வீகா. "அவங்க மரியாதைக்குன்னு. இந்தத் தடவை ரெண்டு வச்சேன்."

"அதான் அத்தை கட்டில்ல ஏற ஒரு ஸ்டூலே வேண்டியிருக்கு," என்றாள் லெசியேலி. சிரிப்பு அவளுக்கு அடங்கவில்லை. "மரியாதையை ஏத்தி ஏத்தி அவங்க மூக்கு வரைக்கும் கொண்டு போயிட்டோம்!"

அந்த ஸ்டூலைச் செய்தவர் சாமியுவெலா. போன முறை அக்கா வந்திருந்தபோது, கட்டில் உயரமாகிவிட்டது என்று வீகா சொன்னதைக் கேட்டு, நல்ல மரம் பார்த்து, இழைத்து, மெருகேற்றி, வீகாவின் கையில் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னார்.

"அண்ணிக்குத் தெரியும்," என்றாள் வீகா மெதுவாக. "தெரிஞ்சுதான் சொல்லல. தனக்காக வச்ச பாயை எடுன்னு வாய்விட்டு எப்படிச் சொல்லுவாங்க? உங்ககிட்ட சுத்தமாவே சொல்ல முடியாது. அதான் தாளைக் கொடுத்தாங்க. நீங்க அதைப் போய் மடிச்சு வச்சுட்டீங்க."

மடித்தது தப்பு என்று சாமியுவெலாவுக்கு இப்போதும் தோன்றவில்லை. ஆனால் மூன்று நாள் அக்கா தும்மியது தன் நகம் அழுத்திய அந்த மடிப்பால்தான் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் உட்கார இடம் போதவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பாயும் பட்டைத் துணியும் வெளியே வருவது கல்யாணத்துக்கு, சாவுக்கு, அரச குடும்பத்தார் வருகைக்கு. காரணமில்லாமல் முற்றத்தில் விரித்தால் பீற்றிக்கொள்கிறான் என்பார்கள். அவர் அப்பா அதைச் செய்ததில்லை. வெயில் காட்டுவதென்றால் இரண்டு மூன்றாகப் பின்கட்டில் காட்டுவார்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் காய வைக்கப் பின்கட்டு போதாது. ஞாயிற்றுக்கிழமை சமையலைத் தவிர ஒரு கையும் வேலைக்கு அசையக் கூடாது. மிச்சமிருந்தது சனிக்கிழமை ஒன்றுதான்.

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள முடியணும்," என்றார் மரத்திடம். "முன்முற்றத்துல போடுங்க. அங்கதான் வெயில் நல்லா விழும்."

சனிக்கிழமை காலை பெண்கள் சுமந்து வெளியே வந்தார்கள். சாமியுவெலா அறைக்கு முதுகைக் காட்டி வராந்தாவில் நின்று, தன்னைக் கடந்து போகும் ஒவ்வொன்றையும் எண்ணினார். பதினாறு பாய்கள். புல்லில் கொஞ்சம், வேலியில் கொஞ்சம், செம்பருத்திப் புதர்மேல் மிச்சம். பட்டைத் துணியில் ஒன்றை மட்டும் விரித்தார்கள். அது வராந்தாப் படியில் தொடங்கித் தெரு வாசல் வரை ஓடியது. மெத்தை இரண்டு நாற்காலிகளின் மேல் கிடந்து வெயில் காய்ந்தது. லெசியேலி அதைக் கம்பால் அடித்த அடியில் எழுந்த தூசியைப் பார்த்து வீகா கண்ணை மூடிக்கொண்டாள். மாட்டு அண்டாவில் படுக்கை விரிப்புகள் கொதித்தன.

அகனேசி காற்று வீசும் பக்கமாக மரத்தடியில் நாற்காலி போட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் எடுத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. "வீகா, அந்தப் பாயோட மூலை கோணலா போகுது பாரு," என்றார். "அது நான் பின்னினது. அம்மா பிரிக்கச் சொன்னாங்க, நான் பிரிக்கல."

ஒன்பது மணிக்குத் தெருவாசலில் கெலெபி வந்து நின்றார். உச்சி முதல் கால் வரை கறுப்பு. இடுப்பில் சாவு வீட்டுக்குக் கட்டும் நைந்த பெரிய பாய். பின்னால் அவர் மனைவி கூடை நிறையக் கிழங்கோடு, தலையைக் குனிந்தபடி. கெலெபி விரித்திருந்த பட்டைத் துணியை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்து, சாமியுவெலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி. எப்ப ஆச்சு?"

"என்னது எப்ப ஆச்சு?"

"அக்கா..."

"அக்காவுக்கு என்ன?" என்று மரத்தடியிலிருந்து அகனேசி கேட்டார்.

கெலெபியின் மனைவி கூடையைக் கீழே போட்டுவிட்டாள். கெலெபி திரும்பிப் பார்த்தார், சாமியுவெலாவைப் பார்த்தார், மறுபடி மரத்தடியைப் பார்த்தார். "ரொட்டிக் கடையில சொன்னாங்கம்மா, சாமியுவெலா வீட்டு முற்றத்துல எல்லாப் பாயும் விரிச்சாச்சுன்னு. வாரம் பூரா உங்க இருமல் வேற கேட்டுச்சு. ரெண்டையும் சேத்துப் பாத்தேன்..."

"கணக்கு நல்லாத்தான் போட்டிருக்கே. ஆள் மட்டும்தான் மிச்சம்," என்றார் அகனேசி. சிரிக்கத் தொடங்கியவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை. கைக்குட்டை கீழே விழுந்தது. "உக்காரு கெலெபி. என் சாவுக்கு வந்தவனுக்கு நானே டீ போட்டுக் கொடுக்கறேன், இப்படி யாருக்கு வாய்க்கும்? அந்தக் கிழங்கையும் வச்சுட்டுப் போ. எனக்குன்னு கொண்டு வந்தது."

மத்தியானத்துக்குள் கறுப்பு உடுத்தி வந்தவர்கள் ஒரு டஜன் பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் தேநீர் போயிற்று. வந்தவர்கள் சிரித்து முடித்ததும் சும்மா இருப்பார்களா? புல்மேல் கிடந்தவற்றைக் குனிந்து பார்த்தார்கள், ஓரத்தை விரலால் தடவினார்கள், பின்னலின் நெருக்கத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். சாமியுவெலா யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. வராந்தாவில் நின்றதோடு சரி.

"பதினாலு பாயா சம்பந்தி?" என்றார் கெலெபி, நிஜமான மலைப்போடு.

"பதினாறு. வேலிப் பக்கம் ரெண்டு இருக்கு, நீங்க பாக்கல."

சாயங்காலம் எல்லாம் காய்ந்து, உதறி, மடித்தான பிறகு எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அகனேசி எழுந்து வந்தார்.

"அம்மாவோட பாய் இங்கயே இருக்கட்டும், கூடத்துத் தகரப் பெட்டியில. மத்ததெல்லாம் பிளாஸ்டிக் தாள்ல சுத்தி, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல இருக்கற அறையில உயரத்துல கட்டுங்க. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணோட போகட்டும். கெலெபி வீட்டுலதான் டைல்ஸ் தரை காலியா கிடக்குதே, அவன் கட்டிலுக்கு அடியில வச்சுக்கட்டும்."

"அம்மா, எனக்கும் தூசி ஆகாது," என்றார் கெலெபி.

"பொண்ணு எடுக்கறவனுக்கு அதெல்லாம் ஆகும்."

முற்றமே சிரித்தது. பத்து விரலும் வலிக்கப் பின்னியவை எல்லாம் போகின்றனவே என்று வீகா ஒரு பேச்சுக்கூடச் சொல்லவில்லை. அத்தை சொன்னது சொன்னதுதான். லெசியேலிக்கு அத்தனையும் வருவதில் அவள் முகம் பூரித்துத்தான் இருந்தது. சாமியுவெலா அக்காவின் பக்கம் தலையைத் தாழ்த்தினார். இந்த வட்டாரத்தில் எந்தப் பெண்ணும் இவ்வளவோடு போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயில் மணி முதல் முறை அடித்தது. அகனேசி எழுந்து வரவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் முதல் மணிக்கு உடுத்தி, இரண்டாம் மணிக்குப் பாடகர் வரிசையில் நிற்கிறவர் அவர். இரண்டாம் மணியும் அடித்தது. சாமியுவெலா கறுப்புக் கோட்டும் இடுப்புப் பாயுமாகக் கூடத்தில் நின்று காது கொடுத்தார். தும்மல் இல்லை. இருமல் இல்லை. கொஞ்சம் பொறுத்து, கதவுக்குப் பின்னாலிருந்து நிதானமாக, நீளமாக ஒரு குறட்டை வந்தது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர்போல அவர் சட்டென்று விலகிப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

"எழுப்பவா?" என்றாள் வீகா.

"எழுப்பினா பாரு."

கோயிலில் கெலெபி பின்வரிசையிலிருந்து எட்டிக் குனிந்தார். "அக்காவைக் காணோமே சம்பந்தி? முடியலையா? எங்க வீட்டுல கட்டில் தயாராத்தான் இருக்கு."

சாமியுவெலா முழுதாகத் திரும்பினார். தேவைக்கு மேலேயே உரக்கச் சொன்னார். போதகரின் மனைவிக்கும், பாடகர் வரிசைக்கும், கதவோரம் நின்றவர்களுக்கும் கேட்டது.

"என் வீட்டுல தூங்கறாங்க."

பிறகு முன்னால் திரும்பி, அடுத்த பாட்டை மற்றவர்களுக்கு அரை வரி முன்னதாகவே தொடங்கிவிட்டார்.

வீடு திரும்பியபோது முற்றத்து மண்ணடுப்பிலிருந்து தேங்காய்ப்பால் ஊறிய கீரையும் கிழங்கும் வேகும் வாசனை வந்தது. சமையலறையில் அகனேசி பேசிக்கொண்டிருந்தார். எழுப்பாததற்கு யாரையோ திட்டுவது கேட்டது. நாய் மறுபடி கூடத்துப் படி வரை முன்னேறியிருந்தது.

வராந்தாவில், சுவரோரமாக, அந்த ஸ்டூல் இருந்தது. அக்காதான் அறையிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்க வேண்டும். கட்டில் தாழ்ந்துவிட்டதால் இனி அதற்கு உள்ளே வேலையில்லை. ஈரத் துணியால் துடைத்திருந்தது, மரம் மின்னியது.

சாமியுவெலா அதில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். உட்கார்ந்து குனிய அது சரியான உயரமாகத்தான் இருந்தது.